அட்டவணையில் எட்டு மணி நேரம், மலை மேல் மூன்று மணி நேரம்கூட இல்லை

கப்பலை விட்டு இறங்கி நாலு நாள் ஆகிறது. நடக்கும்போது தரை இன்னும் லேசாக ஆடுகிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் மனசை விட்டுப் போகாதது அது இல்லை, கிரீஸின் சாண்டோரினி தீவில் கேபிள் கார் வரிசையில் நின்ற நேரம்தான். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். குரூஸ் போகலாமா, எதையெல்லாம் பார்த்து புக் செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் இதற்குள் பத்து பேராவது கேட்டுவிட்டார்கள்.

போனது நானும் அக்காவும் அம்மாவும். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. ஏதென்ஸுக்குப் பக்கத்துத் துறைமுகமான பிரேயஸில் ஏறி, ஏழு இரவு ஏஜியன் கடலைச் சுற்றி, திரும்ப அங்கேயே இறங்கினோம். செப்டம்பர் முதல் வாரம்.

சாண்டோரினிக்குக் கப்பல் நண்பகல் 12 மணிக்கு வந்து இரவு 8 மணிக்குக் கிளம்பும் என்று அட்டவணை சொன்னது. எட்டு மணி நேரம் இருக்கிறதே என்று பெரிய திட்டம் போட்டு வைத்திருந்தோம். அங்கே பெரிய கப்பல் கரையில் வந்து அணைய முடியாது. எரிமலை வெடித்து உண்டான பள்ளத்தில் கடல் புகுந்த இடம் அது. கப்பல் நடுவிலேயே நிற்க, டெண்டர் என்கிற சின்னப் படகுகளில்தான் கரைக்குப் போக வேண்டும். படகுக்கு டோக்கன். எங்கள் எண்ணைக் கூப்பிட்டபோது மணி 1.20. பழைய துறைமுகத்தில் கால் வைத்தபோது 1.50.

கால் வைத்தால் முன்னால் செங்குத்தாக மலை. ஃபிரா ஊர் 200 மீட்டருக்கு மேல் உயரத்தில், மலை விளிம்பில் வெள்ளையாகத் தெரிகிறது. மேலே போக மூன்று வழி: 580க்கும் மேற்பட்ட படிகள், அதே படிகளில் கழுதை சவாரி, இல்லையென்றால் கேபிள் கார். அம்மாவை வைத்துக்கொண்டு படியை நினைக்கவே முடியாது. கழுதைகளைப் பார்த்தாலே பாவமாக இருந்தது, அதற்கும் மனசு வரவில்லை. கேபிள் காரில் ஒரு தடவைக்கு ஆறு பெட்டி, பெட்டிக்கு ஆறு பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நடைக்கு 36 பேர். அன்றைக்கு அங்கே நின்ற கப்பல்கள் எங்களுடையதைச் சேர்த்து மூன்று. மேலே போய்ச் சேர்ந்தபோது 2.50.

சரி, மிச்சமிருப்பதையாவது நிம்மதியாகப் பார்க்கலாம் என்றால், கடைசி டெண்டர் 7.30க்கு. இறங்குவதற்கான வரிசை அதைவிட நீளம். 5.40க்குப் போய் நின்றோம், கீழே வந்தபோது 7.05. வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது, உட்கார இடமில்லை. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள், "ஏண்டி, இவ்வளவு காசு கொட்டினது வரிசையில நிக்கவா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அதனால் என்னிடம் யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஊருக்கும் நேராக இரண்டு கேள்வி எழுதுங்கள். கப்பல் கரையில் அணையுமா, டெண்டரா? கப்பலை விட்டு இறங்கி, பார்க்க வேண்டிய இடத்துக்குப் போய், திரும்பி வர எவ்வளவு நேரம் கழியும்? அட்டவணையில் போட்டிருப்பது கப்பல் நிற்கிற நேரம். நம் கையில் கிடைப்பது வேறு. எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டு, அது கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிடும். அன்றைக்கு அந்த ஊரில் இன்னும் எத்தனை கப்பல் நிற்கும் என்பதையும் முன்கூட்டியே தேடிப் பார்க்கலாம், துறைமுக அட்டவணைகள் இணையத்தில் கிடைக்கின்றன. சாண்டோரினியில் ஒரு நாளைக்கு 8,000 குரூஸ் பயணிகள்தான் என்று 2025இல் வரம்பு வைத்திருக்கிறார்கள். எட்டாயிரம் பேர், அந்த ஒரு கேபிள் கார்!

இன்னொரு கிரேக்கத் தீவான மைக்கோனோஸ் கதை வேறு மாதிரி. அங்கே நாங்கள் இறங்கவே இல்லை. கோடை முழுக்க ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து ஒரு காற்று வீசும், மெல்டெமி என்று பெயர். ஜூலை, ஆகஸ்டில் ரொம்ப பலமாக இருக்கும். எங்களுக்கு அது செப்டம்பரிலும் விடவில்லை. காலை ஏழு மணிக்கு கேப்டன் ஒலிபெருக்கியில் வந்து, காற்று அதிகம், பாதுகாப்பு முக்கியம், இன்று முழுக்கக் கடலில்தான் என்று சொல்லிவிட்டார். அவர் செய்தது சரி, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊரை விட்டுவிட்டால் என்ன திரும்பக் கிடைக்கும் என்று யாரும் முன்பே சொல்வதில்லை. அந்த ஊருக்கான துறைமுகக் கட்டணமும் வரியும் மட்டும் எங்கள் கணக்கில் திரும்பி வந்தது, அவ்வளவுதான். வானிலை பார்த்து வழியை மாற்றும் உரிமை கப்பல்காரருக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நான் தனியாக புக் செய்திருந்த ஊர்சுற்றல், கேன்சல் செய்தால் பணம் தராத வகை. போயே போச்சு. இனிமேல் இலவசமாக ரத்து செய்யக்கூடியதைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன், கொஞ்சம் விலை கூடினாலும் சரி.

அன்றைக்கு அக்காவுக்குத் தலைசுற்றலும் வாந்தியும். மாத்திரை பையில்தான் இருந்தது, ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே போட்டிருக்க வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் மாத்திரை வயிற்றில் தங்கினால்தானே? கேபின் பையன் தானாகவே பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அந்த அக்கறையை மறக்க மாட்டேன். கப்பல் மருத்துவரிடம் போனால் கட்டணம் நேராக நம் கணக்கில் ஏறும், சாதாரணக் கட்டணம் இல்லை. டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது குரூஸுக்கும் பொருந்துமா, நடுக்கடலிலிருந்து அவசரமாகக் கரைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் அதுவும் சேருமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது பணம். மூன்றாவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் ஒரே கேபினில் மூன்று பேராகப் போனோம். கட்டணம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் துறைமுக வரி மூன்று பேருக்கும் முழுசு. டிப்ஸ் மூன்று பேருக்கும் முழுசு. இந்த டிப்ஸ் நாம் விரும்பிக் கொடுப்பது இல்லை, ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே ஏறிக்கொண்டிருக்கும். சில கப்பல்களில் டிக்கெட்டிலேயே சேர்த்திருப்பார்கள், எங்களுடையதில் சேர்க்கவில்லை. இதோடு கிரீஸ் 2025 ஜூலையிலிருந்து குரூஸ் பயணிகளுக்குத் தனிக் கட்டணம் போட்டிருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாண்டோரினிக்கும் மைக்கோனோஸுக்கும் ஆளுக்கு 20 யூரோ. வைஃபை தனி. குளிர்பானம், நல்ல காபி எல்லாம் தனி. மூன்றாவது ஆளின் படுக்கை என்பது கூரையிலிருந்து இறங்கும் கட்டில், ஏணி வைத்து ஏற வேண்டும். நான்தான் ஏறினேன். தனியாகப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், விளம்பர விலை ஒரு கேபினில் இருவர் என்ற கணக்கில் போட்டது. ஒருவர் போனாலும் ஏறக்குறைய இரண்டு பேர் காசு கேட்பார்கள்.

கேபினை எந்த மாடியில் எடுப்பது என்பதற்கு நான் யோசிக்கவே இல்லை. கேபின் எண்ணைக் கப்பல்காரரே முடிவு செய்யும் வகையை எடுத்தேன், விலை குறைவு என்று. வந்தது நீச்சல்குளம் இருக்கிற மாடிக்கு நேர் கீழே. விடிகாலை ஐந்து மணிக்குச் சாய்வு நாற்காலிகளை இழுத்து அடுக்குவார்கள். கிர்ர்ர்... டொக். கிர்ர்ர்... டொக். முதல் நாள் அம்மா எழுந்து உட்கார்ந்து, "என்னடி, கப்பல் எதிலயாவது மோதிடுச்சா?" என்றாள். ஏழு நாளும் அதே அலாரம். கப்பலின் மாடி வரைபடம் எல்லோரும் பார்க்கும்படி கிடைக்கிறது. நமக்கு மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கிற மாதிரி ஒரு இடம் எடுத்தால் தூக்கம் உண்டு. ஆட்டம் பயம் என்றால் கீழ் மாடி, கப்பலின் நடுப்பகுதி. பால்கனி தேவையா என்று கேட்பவர்களுக்கு என் பதில், இப்படி தினம் ஒரு ஊரில் இறங்கும் பயணத்துக்குத் தேவையில்லை. அந்தக் காசை ஊரில் செலவழியுங்கள்.

எங்கள் கப்பல் நின்ற இன்னொரு ஊரான குசாதாசி துருக்கியில் இருக்கிறது. வீசா தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். ஒரே வீசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போகலாமே, அந்த ஷெங்கன் கூட்டமைப்பில் கிரீஸ் இருக்கிறது, துருக்கி இல்லை. வெளியே போய்த் திரும்ப கிரீஸுக்கு வருகிறோம் அல்லவா, அதற்கு ஒரு தடவை நுழையும் வீசா போதாது, மல்டிபிள் என்ட்ரியாக வாங்க வேண்டும். துருக்கிக்கு உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்பதையும் கப்பல்காரரிடம் தனியாகக் கேளுங்கள்.

அங்கே கப்பல் நேராகக் கரையில் அணைந்தது, பத்து நிமிஷத்தில் வெளியே. எஃபெசஸ் என்ற பழங்கால நகரத்தின் இடிபாடுகள் கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். டாக்சி பேசினோம், போய், காத்திருந்து, திரும்ப, எல்லாம் சேர்த்து ஒரு தொகை. மேல் வாசலில் இறங்கிக் கீழ் வாசலில் வெளியே வந்தால் சரிவிலேயே நடந்துவிடலாம், அம்மாவுக்கும் சுலபம். பளிங்குத் தெரு வழவழவென்று தேய்ந்திருக்கிறது, வழுக்காத செருப்பு கட்டாயம். செல்சஸ் நூலகத்தின் முகப்பு முன்னால் அம்மா பத்து நிமிஷம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனைக்கும் பின்னால் கட்டடம் இல்லை, அந்த ஒரு சுவரைத்தான் 1970களில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அந்த அமைதியோடு கீழ் வாசலுக்கு வந்தால் டிரைவர், பேசின தொகை போக்குவரத்துக்கு மட்டும், காத்திருந்ததற்குத் தனி என்கிறார். கப்பல் நேரம் நெருங்குகிறது என்பது அவருக்கும் தெரியும். அக்கா விடவில்லை. போனில் அந்தத் தொகையை எழுதி, அவரையும் வண்டி எண்ணையும் சேர்த்துக் காலையிலேயே ஒரு படம் எடுத்து வைத்திருந்தாள். அதைக் காட்டியதும் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பேசின தொகைக்கு மேல் ஒரு காசு கொடுக்கவில்லை.

சொந்தமாகப் போனால் கப்பல் நமக்காக நிற்காது என்பதை மறக்கக் கூடாது. கப்பலே நடத்தும் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் காத்திருப்பார்கள், ஆனால் விலை எங்கேயோ நிற்கிறது. எனக்குத் தோன்றுவது இதுதான்: தூரமான இடத்துக்குக் கப்பல் சுற்றுலா, பக்கத்து இடத்துக்கு நாமே.

பக்கம் என்றால் கிரேக்கத் தீவான ரோட்ஸ்! ஐயோ, அந்த ஊரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கப்பலிலிருந்து இறங்கி நடந்தால் சில நிமிஷத்தில் கோட்டைச் சுவருக்குள் இருக்கிறோம். வண்டி வேண்டாம், டோக்கன் வேண்டாம், வரிசை வேண்டாம். கூழாங்கல் பதித்த தெருக்கள் முழங்காலுக்குக் கொஞ்சம் கஷ்டம், ஆனால் நூறடிக்கு ஒரு நிழல், உட்கார ஒரு திண்டு. கடைத்தெருவை விட்டு இரண்டு சந்து தள்ளி நாலே மேசை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. அம்மா சைவம் என்றதும் அந்தப் பாட்டி உள்ளே கூட்டிப்போய் அடுப்புத் தட்டையே காட்டினாள். தக்காளியையும் குடைமிளகாயையும் குடைந்து, அரிசியும் மூலிகை இலைகளும் அடைத்து, ஆலிவ் எண்ணெயில் தோல் சுருங்கும் வரை சுட்டது. பெயர் கெமிஸ்தா. தக்காளிச் சாறு இறங்கின அந்தச் சோறு, அடியில் லேசாகத் தீய்ந்து ஒட்டியிருந்த உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ள ரொட்டி. ஏழு நாள் பஃபேயில் அத்தனை வகை சாப்பிட்டோம், அம்மா இன்னும் பேசுவது இந்த ஒரு தட்டைப் பற்றித்தான். மூன்று பேர் வயிறாரச் சாப்பிட்டும் பில் கப்பலில் குடித்த காபிக் கணக்கை விடக் குறைவு.

சின்ன விஷயங்கள் நிறைய இருக்கின்றன, நினைவுக்கு வருகிற வரிசையில் சொல்கிறேன். கப்பல் கிளம்பும் நாளுக்கு ஒரு நாள் முன்பே ஊர் போய்ச் சேருங்கள், விமானம் தாமதமானால் கப்பல் போய்விடும். விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு மெட்ரோ நேராகவே போகிறது. ஏறும்போது வாங்கிக்கொள்ளும் பெரிய பெட்டி கேபினுக்கு வரச் சாயங்காலம் ஆகலாம், மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப்பெட்டி கொண்டுபோகாதீர்கள், தீ பயத்தால் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். சுவர்கள் இரும்பு, அதனால் காந்தக் கொக்கி நாலு எடுத்துப் போனால் ஈரத்துணி, பை எல்லாம் தொங்கவிடலாம். கரை மறைந்ததும் போனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள், கப்பலின் செல்போன் இணைப்பு தானாகப் பிடித்துக்கொண்டால் ரோமிங் பில் பயங்கரமாக வரும். செலவுக் கணக்குக்கு டெபிட் கார்டு கொடுத்தால் ஒரு தொகையை முன்கூட்டியே முடக்கி வைப்பார்கள், கிரெடிட் கார்டு நல்லது.

பாதுகாப்புப் பயிற்சியைத் தட்டிக் கழிக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜில்யோ தீவுக்குப் பக்கத்தில் கோஸ்டா கான்கார்டியா என்ற குரூஸ் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்குத்தான் ஏறியவர்கள் பயிற்சி செய்திருக்கவே இல்லை. அதன் பிறகுதான் கப்பல் கிளம்பும்போதே பயிற்சியை முடிக்க வேண்டும் என்று விதி வந்தது. அம்மாவை எந்தப் படிக்கட்டில் இறக்குவது என்று நாங்கள் ஒரு தடவை நடந்தே பார்த்துக்கொண்டோம்.

கடைசி இரவு கணக்குச் சீட்டு வந்தது. அதில் மூன்று பேருக்கும் குளிர்பானப் பேக்கேஜ் ஒரு நாளுக்கு ஏற்றியிருந்தார்கள். நாங்கள் கேட்கவே இல்லை, முதல் நாள் மதியம் மேசையில் ஒரு பையன் கார்டை வாங்கித் தேய்த்தது அதற்குத்தான் போலிருக்கிறது. காலை ஆறரைக்கெல்லாம் ரிசப்ஷனில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டே பேர். அந்தப் பெண் கணினியில் பார்த்தாள், மன்னிப்புக் கேட்டாள், கழித்துவிட்டாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எட்டு மணிக்குப் பெட்டியோடு அந்தப் பக்கம் வந்தபோது வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்து என் கையை இறுக்கிப் பிடித்தாள், "நல்லவேளை, இதுல நாம நிக்கல."