ஹைட்ரஜன் மென்பொருளில் தவில் கிட்: செய்முறைப் பரீட்சைக்கு முதன்மைத் திரையைப் பழகும் முறை

இசைத் தொழில்நுட்பப் பாடத்தின் செய்முறைப் பரீட்சைக்காக, இணுவிலில் ஒரு தவில் வித்துவானிடம் பதிவுசெய்த ஒலிகளைக் கொண்டு தாள வாத்திய ஒலிகளைக் கணினியில் அடுக்கி இயக்கும் ஹைட்ரஜன் என்ற இலவச மென்பொருளில் ஒரு கிட் (வாத்திய ஒலிகளின் தொகுப்பு) அமைத்தேன். பதிவு எளிதாக முடிந்தது. நேரத்தையும் பொறுமையையும் கேட்டது முதன்மைத் திரைதான். இதே பரீட்சைக்குத் தயாராகும் தம்பி தங்கைமாருக்கு அந்தத் திரையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

திரையின் மேற்பாதி பாட்டின் அமைப்பை அடுக்கும் இடம். கீழ்ப்பாதி ஒவ்வொரு தாளக்கட்டையும் கட்டங்களில் குறிக்கும் இடம். அந்தக் கட்டங்களின் இடப்புறத்தில் வாத்தியப் பட்டியலும், திரையின் வலப்புறத்தில் வாத்தியத்தின் தன்மையை மாற்றும் பலகையும் இருக்கும். வலப்பலகையில் நீங்கள் செய்யும் எந்த மாற்றமும் இடப்பட்டியலில் அப்போது தெரிவாகியிருக்கும் வாத்தியத்தை மட்டுமே சேரும் என்பதால், ஒரு குமிழைத் திருப்புமுன் கண் முதலில் இடப்புறம் போய்வர வேண்டும். பரீட்சைப் பதற்றத்தில் இந்தப் பழக்கம் ஒன்றே பாதி வேலையைக் காப்பாற்றும்.

பட்டியலில் வாத்தியத்தின் பெயரைச் சுட்டியால் அழுத்தினால் அதன் ஒலி கேட்கும். பெயரின் இடது ஓரத்தில் அழுத்தினால் மெல்லிய அடியாகவும், வலது ஓரத்துக்குப் போகப் போக வலிய அடியாகவும் அது ஒலிக்கும். தவிலின் இடப்பக்கமான தொப்பியில் கழியால் மெதுவாகவும் நடுத்தரமாகவும் ஓங்கியும் அடித்த மூன்று பதிவுகளை ஒரே வாத்தியத்தின் மூன்று அடுக்குகளாக இட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய வேக எல்லையை (வேகம் என்பது இங்கே தாளத்தின் வேகமல்ல, அடியின் வலிமையைக் குறிக்கும் velocity) வலப்பலகையில் இழுத்து அமைத்த பின், பெயரின் மேல் இடமிருந்து வலமாக அழுத்திக்கொண்டே போனால் அடுக்குகள் மாறும் இடம் காதுக்குத் தெளிவாகத் தெரியும். கணினியோடு இணைத்து வாசிக்கும் மிடி கீபோர்ட் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது.

ஒலி போதவில்லை என்ற முறைப்பாடு எல்லோருக்கும் வரும். அதற்குரிய இடங்கள் நான்கு இருப்பதுதான் சிக்கல். ஓங்கிய அடி மட்டும் தாழ்ந்து கேட்டால் அந்த அடுக்கின் கெயினையும் (ஒலிப்பெருக்க அளவு), வாத்தியம் முழுவதுமே தாழ்ந்திருந்தால் வாத்தியத்தின் கெயினையும், மற்ற வாத்தியங்களோடு சமன் செய்வதற்கு மிக்சரையும், பாட்டில் ஒரு குறிப்பிட்ட அடியை மட்டும் உயர்த்துவதற்குக் கட்டங்களுக்குக் கீழே நிற்கும் வேகக் கோட்டையும் நாட வேண்டும். ஆனால் வேகத்தை உயர்த்தினால் அடுக்கே மாறிவிடலாம். அப்போது சத்தத்தோடு அடியின் குணமும் மாறும். எல்லாவற்றையும் மிக்சரில் தள்ளிச் சரிசெய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கிட் அமைப்பதாகாது என்பது என் கருத்து.

அடுத்தது மியூட் குழு. மேற்கத்திய கிட்டில் ஹை-ஹாட் என்ற இணைத் தட்டுகளில், திறந்த ஹை-ஹாட்டின் நீண்ட ஒலியை மூடிய ஹை-ஹாட்டின் அடி நிறுத்துவதற்கு இரண்டுக்கும் ஒரே குழு எண்ணைக் கொடுப்பார்கள். தவிலிலும் வலப்பக்கமான வலந்தலையில் திறந்து ஒலிக்கும் சொல்லையும் (அடியையும்) அடக்கி வாசிக்கும் சொல்லையும் ஒரு குழுவில் இடலாம். தொப்பியின் அடிகளை மட்டும் அதில் சேர்க்கக் கூடாது. இரு பக்கமும் ஒன்றாக ஒலிப்பதே தவிலின் கம்பீரம் என்பதால், சேர்த்தால் வலக்கையின் ஒவ்வொரு சொல்லும் இடக்கையின் கார்வையை (நீளும் ஒலியை) அறுத்துவிடும்.

கிட்டைச் சோதிக்கும்போது மேலேயுள்ள பொத்தான் பாட்டு நிலையில் அல்லாமல் தாளக்கட்டு நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டு நிலையில் மேற்பாதியில் எதையும் அடுக்காமல் இயக்கினால், கீழே குறித்த அடிகள் ஒலிக்கமாட்டா.

கடைசியாகச் சேமிப்பு. பாட்டைச் சேமிப்பதும் கிட்டைச் சேமிப்பதும் வேறு வேறு வேலைகள். பாட்டுக் கோப்பில் ஒலிகள் அடங்கியிருப்பதில்லை, அவை கணினியில் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். ஆகவே பரீட்சை மண்டபத்தின் கணினியில் அதைத் தனியே திறந்தால் தவில் ஊமையாகிவிடும். ட்ரம் கிட் பட்டியலில் கிட்டைத் தனிப் பெயரில் சேமித்து, ஏற்றுமதி செய்த கோப்பையும் பாட்டுக் கோப்பையும் சேர்த்தே பென்ட்ரைவில் எடுத்துச் செல்லுங்கள். அங்கே முதலில் கிட்டை இறக்குமதி செய்துவிட்டுப் பாட்டைத் திறவுங்கள்.