பாமணிக் கரையில் ஒரு லீவு

2024 ஜூலை 6
விடிகாலை திருச்சியில் இறங்கி, மன்னார்குடி தாண்டி வீடு வந்து சேர ஒன்பது மணி. காரை விட்டு இறங்கிய சின்னவனின் முதல் கேள்வி: "அப்பாயி, ஏசி எந்த ரூம்ல?"

ஜூலை 9
மேட்டூர் அணையில் நாற்பது அடிக்குப் பக்கம்தான் தண்ணீர். வழக்கமான ஜூன் 12 இந்த வருஷம் திறப்பில்லாமலே போய்விட்டது. போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவை போட்டுவிட்டார்கள், நம் வயல் தரிசு. மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து பேப்பர் படிக்க முடியவில்லை. அணை நிலவரம் மட்டும் யாராவது படித்துச் சொல்ல வேண்டும். இன்று பெரியவளைப் பிடித்துக்கொண்டார். "நீ...ர்...வ..." என்று அவள் இழுக்க, அவர் பொறுமையாகக் காத்திருந்தார். நானாக இருந்தால் பிடுங்கிப் படித்திருப்பேன்.

ஜூலை 11
ஷார்ஜாவிலிருந்து வீட்டுக்காரர் பேசினார். வேலையை நீட்டிப்பார்களா என்று அவர் கம்பெனியில் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஜூலை 15
டவுனில் ஒரு மெட்ரிக் பள்ளிக்குப் போனேன். சும்மா விசாரிக்கத்தான், அத்தையிடம் துணிக்கடை என்று சொல்லிவிட்டு. தலைமையாசிரியை நன்றாகவே பேசினார். பெரியவளை எட்டாவதில் சேர்ப்பதில் சிக்கல் இல்லை, ஆனால் பத்தாவதில் தமிழ்த்தாள் எழுதியாக வேண்டும், 2006 சட்டம் என்றார். ஷார்ஜாவில் அவள் எடுத்தது இந்தி, கூடவே அரபி. பேசுவதெல்லாம் தமிழ்தான். எழுத்துதான் கூட்டிக் கூட்டி. இரண்டரை வருஷத்தில் செய்யுள், இலக்கணம், கட்டுரை எல்லாம் வருமா? "வரும், பிள்ளைகளுக்கு வரும்" என்றார். அவருக்கென்ன, சேர்க்கை நடக்க வேண்டும்.

அப்புறம் விசா. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் போச்சு. இங்கே ஒரு வருஷம் படிக்கட்டும், சரிப்படாவிட்டால் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அவர் சுலபமாகச் சொல்கிறார். அரையாண்டு லீவில் ஒரு தடவை அவளை அங்கே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வர வேண்டும். டிக்கெட் காசு யார் தருவது? அவருக்கு வேலை போனால் எங்கள் எல்லோர் விசாவும் சேர்ந்து போகும், அது வேறு கதை. ஷார்ஜாவில் பிறந்த பிள்ளைகள். அந்த ஊருக்கு அவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விசா புதுப்பித்துக்கொள்ளும் விருந்தாளிகள்.

ஜூலை 17
ஆடி ஒன்று. அத்தை ஆடிப்பால் காய்ச்சினார்கள். சின்னவன் மூன்று டம்ளர்.

ஜூலை 22
ராத்திரி பத்து மணிக்கு, அங்கே எட்டரை, போட்டிம் ஆப்பில் கூப்பிட்டார். அங்கிருந்து வாட்சப்பில் கால் பேச முடியாதென்பதை அத்தைக்கு இத்தனை வருஷமாகியும் புரியவைக்க முடியவில்லை. மகன்தான் காசு மிச்சம் பிடிக்கிறான் என்று நினைக்கிறார்கள்.
கம்பெனி பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஏசி சர்வீஸ் பண்ணியதைச் சொன்னார்.

ஜூலை 25
கர்நாடகத்தில் கொட்டுகிறது. அணை கிடுகிடுவென்று ஏறுகிறது. பெரியவள் இப்போது கூப்பிடாமலே பேப்பரோடு திண்ணைக்குப் போகிறாள். "நீர்வரத்து" தட்டாமல் வருகிறது. பக்கத்துச் செய்தியையும் படிக்கச் சொன்னேன், முறைத்தாள்.

ஜூலை 28
மேட்டூர் திறந்தாயிற்று. மாமா இன்றைக்கே விதைநெல்லுக்கு ஆள் அனுப்பிவிட்டார். காசு எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை. தெரியும்.

ஜூலை 30
நூற்றிருபது அடி. அணை நிரம்பிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் என்ன பேச்சு பேசினார்கள் இந்தத் திண்ணையில்!

ஜூலை 31
கல்லணை திறப்பு. வெண்ணாற்றில் வந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பு மதகில் பிரிந்துதான் நமக்குப் பாமணி ஆறு. மாமா தலைப்புக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறார். கண்ணில் தூசி படக்கூடாது என்று அத்தை சத்தம். பெரியவள் தன் கூலிங் கிளாஸை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டாள். பூப்போட்ட ஃப்ரேம். அதோடே கிளம்பிவிட்டார், பேத்தியும் கூடவே.

ஆகஸ்ட் 2
ஒரு வருஷம் நீட்டித்திருக்கிறார்களாம். சம்பளம் அதே. பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ் இனி கம்பெனி கட்டாது. ஒரு பிள்ளைக்குச் சமாளிக்கலாம், இரண்டு பேருக்கு முடியாது என்றார். கணக்கு போட்டுவிட்டுத்தான் பேசியிருக்கிறார், குரலே சொல்லிற்று. டிசிக்கு எழுதிப் போடட்டுமா என்றார். அவளிடம் நான் பேசும்வரை போடாதீர்கள் என்றேன். எப்போது பேசுவாய் என்றார்.

நாளைக்குப் பதினெட்டாம் பெருக்கு. காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு வாங்கியாயிற்று. காப்பரிசிக்கு வெல்லம் இன்னும் வாங்கவில்லை. சின்னவன் சப்பரத்துக்கு அட்டை வெட்டுகிறான், அக்காதான் ஒட்டித் தர வேண்டுமாம்.