சேற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது: மூன்றாவது செட் டயர் வரை வந்த கதை

கம்பியைச் சேற்றில் செங்குத்தாகக் குத்தினேன். 35 சென்டிமீட்டர் வரை சத்தமே இல்லாமல் இறங்கியது, அப்புறம் ‘டக்’ என்று நின்றது. அடியில் கெட்டித் தரை. பத்தடி தள்ளிக் குத்தினேன், 38. இன்னும் தள்ளிப் போனேன், 33. டயர் வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய இந்த வேலையை இரண்டு செட் டயர் மாற்றிய பிறகுதான் செய்தேன். சேற்றுப் போட்டிக்கு டயர் தேடுகிற யாருக்காவது உதவும் என்பதால் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

என் வண்டி எடை குறைந்த பெட்ரோல் ஜீப். ஆட்கள், எரிபொருள், சிக்கினால் வண்டியை வடம் கட்டி இழுக்கும் வின்ச் எல்லாம் சேர்த்து 1,300 கிலோவுக்குச் சற்று மேலே வரும். பின் ஆக்சிலில், இரண்டு சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் டிஃப் லாக் இருக்கிறது, முன்னால் இல்லை. எஞ்சின் பெரியதும் இல்லை. எடையையும் எஞ்சினையும் முதலில் சொல்லக் காரணம் உண்டு. ஒருவருக்கு அற்புதமாக வேலை செய்த டயர் இன்னொருவர் வண்டியில் சுமையாகிப் போவது பெரும்பாலும் இந்த இரண்டாலும்தான்.

முதல் செட் வண்டியோடு வந்த 235/75 ஆர் 15 ஆல் டெரெய்ன், எல்லாத் தரைக்கும் பொதுவான டயர். இந்த எண்களைப் பிரித்துப் பார்க்கப் பழகியது பின்னால் ரொம்ப உதவியது. 235 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், அதாவது 176 மி.மீ. 15 அங்குல ரிம் 381 மி.மீ. ரிம்மோடு இரண்டு பக்கச்சுவரையும் கூட்டினால் மொத்த உயரம் ஏறக்குறைய 733 மி.மீ., 29 அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. மண் பாதையிலும் சரளையிலும் இந்த டயர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. களிமண்ணில் இறங்கியதும் பட்டன்களுக்கு, அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டைகளுக்கு, நடுவில் இருந்த சின்னச் சின்ன இடைவெளிகள் மூன்று நான்கு சுற்றிலேயே அடைத்துக்கொண்டன. 80 மீட்டர் பயிற்சிக் குழியில் 30 மீட்டரைத் தாண்டவே முடியவில்லை.

அப்படியானால் பெரிய டயர் போடுவோம் என்று முடிவு செய்தேன். பழைய டயராக நல்ல நிலையில் ஒரு செட் கிடைத்தது: 33 அங்குல உயரம், 12.5 அங்குல அகலம், சேற்றுக்கென்றே செய்த அசல் மட் டெரெய்ன். பழைய டயர் வாங்குகிறவர்கள் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதிக் குறியைத் தேடிப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 3117 என்றால் 2017ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்தது. வயதான ரப்பர் இறுகிப்போகும். வெறும் சேற்றில் அது பெரிதாகத் தெரியாது, ஈர வேரும் பாறையும் குறுக்கே வந்தால் வழுக்கிவிட்டுவிடும்.

அந்த டயர் வண்டியை 5 செ.மீ. தூக்கி நிறுத்தியது. உயரம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் ஆக்சிலுக்கு அடியில் இடைவெளியாகக் கிடைக்கும், 105 மி.மீ. கூடினால் கிடைப்பது 52 தான். ஆனால் ஆக்சிலைத் தரையிலிருந்து உயர்த்த டயரை விட்டால் வேறு எளிய வழி கிடையாது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் மேலே போவது பாடிதான், ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இவ்வளவு நன்மைக்கும் நான் கொடுத்த விலை பயிற்சிக் குழியில் தெரிந்தது. டயர் 14 சதவீதம் உயரமானால் எல்லா கியரும் அதே அளவுக்கு நீண்டுவிடுகிறது, அதாவது இழுவை குறைகிறது. தராசில் வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு டயரும் பழையதை விட 12 கிலோ அதிகம். அந்த எடையும் விளிம்பில் இருக்கிற எடை, சுழற்றுவது கடினம். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சில் இரண்டாவது கியர் போட்டு முழுசாக அழுத்தினாலும் எஞ்சின் மூச்சு வாங்கியது. வெளியே நின்ற கோ டிரைவர் கத்தினார்: “அண்ணே, டயர் சுத்துது, ஆனா பட்டனையே காணோம்!” இறங்கிப் பார்த்தேன். நான்கு டயரும் வழவழவென்று களிமண் உருளையாக இருந்தன. அவ்வளவு பெரிய இடைவெளி வைத்த டயர், அதில் ஓர் இடைவெளி கூட வெளியே தெரியவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பட்டனுக்குள் சிக்கிய சேற்றை வெளியே எறிவது சுழற்சி. எறியும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 40 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சுற்றினால், ஒட்டியிருக்கும் சேற்றின் மேல் அதன் எடையைப் போல ஏறக்குறைய 8 மடங்கு விசை இழுக்கும். 40 கி.மீ. ஆனால் 31 மடங்கு. களிமண் ஒட்டிக்கொள்ளும் பிடி 8 மடங்குக்கு மசியாது, அந்த 31 மடங்குக்குத் தெறித்து ஓடும். ஆக, இடைவெளி பெரிதாக இருப்பது பாதிதான். அந்த இடைவெளியைக் காலி செய்யும் வேகத்துக்குச் சக்கரத்தைச் சுழற்ற என் எஞ்சினால் முடியுமா என்பது மீதிப் பாதி. 12.5 அங்குல அகலத்தை என் எஞ்சினால் அந்த வேகத்தில் வைத்திருக்க முடியவில்லை.

உழவு டிராக்டர் டயரைப் போட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள், எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆர்-2 வகை என்று ஒன்று உண்டு, நெல்லுக்கும் கரும்புக்கும் என்றே செய்தது. அதன் கட்டைகள் சாதாரண ஆர்-1 உழவு டயரை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம். சேற்றில் அதற்கு நிகரே இல்லை, டிராக்டர் வேகத்தில் ஓட்டும் வரை. அந்த டயர்களுக்கு எழுதியிருக்கும் வேகக் குறி ஏ6 என்றால் 30 கி.மீ., ஏ8 என்றால் 40 கி.மீ. அது முழுக்க முறுக்குவிசையால் மெதுவாகத் தோண்டிப் போகும் டயர். ஜீப்போ சுழற்றி உதறிப் போகிற வண்டி. அதோடு பல போட்டி விதிகளில் உழவு டயருக்கும் சங்கிலிக்கும் இடமில்லை, சிலவற்றில் அதிகபட்ச உயரமும் குறித்திருப்பார்கள். விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் டயர் பட்டியலைத் திறக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் கம்பி வந்தது. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்ட ஒரு மீட்டர் இரும்புக் கம்பி. பயிற்சிக் குழி முழுக்க 33 முதல் 38 செ.மீ.க்குள் கெட்டித் தரை இருந்தது. அகல டயர் அந்தத் தரையைத் தொடவே இல்லை. சேற்றின் மேல் பாதி மிதந்து, வழுக்கி, தன் எதிரே ஒரு சேற்று மேட்டைத் தானே குவித்துக்கொண்டு அதில் முட்டி நின்றது. எனக்குத் தேவைப்பட்டது சேற்றை வெட்டி அடிக்கு இறங்கி அங்கே பிடிக்கிற டயர். அதாவது குறுகலாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும். இறங்கிய பிறகு ஆக்சில் சேற்றை உழுதுகொண்டு போகும் என்பதால் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரமும் கணக்கில் வரும்.

பழைய லேண்ட்ரோவர்களின் 7.50-16 என்ற அளவு ஏன் அத்தனை காலம் நிலைத்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அகலம் வெறும் 7.5 அங்குலம், உயரமோ 31 அங்குலத்துக்கு மேல். இன்றைய எண்களில் அதற்குப் பக்கத்தில் வருவது 235/85 ஆர் 16. கணக்குப் போட்டால் 806 மி.மீ. உயரம். அகலம் என் முதல் செட்டின் அதே 235 தான். கியர் நீளுவது 10 சதவீதத்தோடு நிற்கும், ஆக்சில் 36 மி.மீ. உயரும். அதையே எடுத்தேன்.

பட்டன் அமைப்பில் கொஞ்ச நாள் குழம்பினேன். மலேசியாவில் 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற மழைக்காலப் போட்டிப் படங்களைப் பார்த்தால், சிமெக்ஸ் எக்ஸ்ட்ரீம் ட்ரெக்கர் மாதிரி ஒரே திசையில் ஓடுகிற, ஆழமான கட்டைகள் வைத்த டயர்கள் மேல் ஆசை வரும். நடுவிலிருந்து ஓரத்துக்குச் சேற்றைத் தள்ளிவிடும் அமைப்பு. முன்னால் போகும்போது பிரமாதம். ரிவர்ஸ் எடுத்தால் அதே அமைப்பு சேற்றை நடுவுக்கு இழுத்து அடைக்கும். ஸ்டெப்னியும் ஒரு பக்கத்துக்குத்தான் சரியாகப் பொருந்தும். நான் குழியில் பாதி நேரம் பின்னால் வந்து மறுபடி மோதிப் போகிறவன். அதனால் இரு திசைக்கும் பொதுவான பட்டன், ஆனால் தோள்பட்டையில் தடித்த கட்டைகள் கீழே பக்கச்சுவர் வரை இறங்குகிற வகையாகத் தேர்ந்தெடுத்தேன். ஆழமான தடத்தில் மாட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டே போக, அந்தத் தோள்கட்டைகள் தடத்தின் சுவரைக் கடித்து வண்டியை ஏற்றிவிடுகின்றன. இந்த ஒரு வேலைக்காகவே அந்தக் கட்டைகள் வேண்டும் என்று சொல்வேன்.

காற்று விஷயத்தில் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. டயர் பட்டனில் சுண்ணாம்புக் குழம்பு தடவி, ஜாக்கியை மெல்ல இறக்கி, அட்டையில் அச்சு எடுத்துப் பார்த்தேன். முன் சக்கரத்தில் சுமார் 350 கிலோ நிற்கிறது. முதல் செட் டயரில் 30 பிஎஸ்ஐ காற்றழுத்தத்துக்கு அச்சின் நீளம் 13 செ.மீ., 15 பிஎஸ்ஐக்கு 20. அகலமோ 17இலிருந்து 18, அவ்வளவுதான். காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது நீளுகிறது, டாங்க் சங்கிலி மாதிரி. ஆனால் புதிய 235/85இல் அதே 15 பிஎஸ்ஐக்கு 16 செ.மீ. தான் வந்தது. இந்த அளவு டயர்கள் பெரும்பாலும் ‘ஈ’ சுமை வரிசையில் வருபவை, பாரம் ஏற்றும் பிக்கப்புக்குச் செய்தவை. பக்கச்சுவர் விறைப்பு. என் வண்டியின் எடைக்கு அது வளைந்தே கொடுக்கவில்லை. 20 செ.மீ. அச்சு கிடைக்க 10 பிஎஸ்ஐ வரை இறங்க வேண்டியிருந்தது.

சாதாரண ரிம்மில் 10 பிஎஸ்ஐ என்ன செய்யும் என்பதை முதல் நாளே பார்த்தேன். தடத்திலிருந்து பக்கவாட்டில் ஏறும்போது, பீட் என்று சொல்கிற கம்பி வைத்த விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றது. ஒரு நொடியில் காற்று முழுக்கப் போய், டயருக்குள் சேறு. வெளியே இழுத்துக் கழுவி மறுபடி உட்கார வைக்க இரண்டு மணி நேரம் ஆனது. ட்யூப் போட்டிருந்தால் கழன்றாலும் காற்று நிற்குமே என்றார் ஒருவர். குறைந்த காற்றில் டயர் ரிம் மேல் நழுவிச் சுற்றும், ட்யூபும் கூடவே சுற்றி வால்வை வேரோடு கிழித்துவிடும். பீட்லாக் ரிம் வாங்கியதுதான் தீர்வு. வளையம் வைத்து போல்ட்டுகளால் பீடை இறுக்கிப் பிடிக்கிற ரிம். டயர் எடுக்கும்போதே இதையும் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும், குறிப்பாக எடை குறைந்த வண்டிக்கு விறைப்பான டயர் எடுக்கிறவர்கள்.

அதே 80 மீட்டர் குழிக்கு வருகிறேன். 10 பிஎஸ்ஐ, லோ ரேஞ்ச், இரண்டாவது கியர். ஐந்து ஓட்டத்தில் நான்கு முறை மறுகரை ஏறினேன். ஐந்தாவதில் நடுவழியில் ஆக்சிலரேட்டரை விட்டேன், டயர் அடைத்துக்கொண்டது, வின்ச். சக்கர வேகம் ஏறும் வரை பொறுத்து, ஏறியதும் விடாமல் பிடித்துப் போனால் பட்டன்கள் கறுப்பாகச் சுத்தமாகத் தெரிகின்றன. கோ டிரைவர் வெளியே நின்று பட்டனை மட்டும் பார்த்துக் கை காட்டுகிறார். கை இறங்கினால் நான் ஒரு கியர் குறைக்கிறேன்.

இங்கேயே முடித்திருந்தால் குறுகல் டயர்தான் சேற்றுக்கு என்று எழுதியிருப்பேன். கொஞ்சம் தள்ளி 25 மீட்டர் நீளத்தில் ஓர் உளை, ஆழமான புதைசேறு, இருக்கிறது. அங்கே கம்பி ஒரு மீட்டரும் இறங்கிக் கைக்கு வந்தது, அடியே இல்லை. 235/85 அங்கே எட்டாவது மீட்டரில் ஆக்சில் வரை உட்கார்ந்தது. சுழற்றச் சுழற்றக் கிணறு வெட்டியது. அடுத்த வாரம் அதே இடத்தில் அந்த அகலமான 33ஐ மாட்டி, 12 பிஎஸ்ஐயில், சுழற்றாமல் மெல்ல நகர்த்தினேன். 25 மீட்டரும் கடந்தது. நான் தோல்வி என்று மூலையில் போட்டிருந்த டயர். அன்று மாலை அதைத் துடைத்து, நிழலில் நிமிர்த்தி வைத்தேன்.

இப்போதைக்கு இரண்டு செட்டும் என்னிடம் இருக்கின்றன. போட்டிக்கு முந்தைய நாள் தடத்தைச் சுற்றிப் பார்க்க விடுவார்கள், அனுமதிக்கும் இடங்களிலெல்லாம் கம்பியோடு போகிறேன். முக்கால்வாசிக் குழிகளில் அடி கிடைக்கிறது, அதனால் குறுகல் செட்தான் பெரும்பாலும் வண்டியில் நிற்கிறது.

பாக்கி வேலை: பீட்லாக் போல்ட்டுகளை முதல் ஓட்டத்துக்குப் பிறகு டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்க வேண்டும், தளர்ந்தால் தெரிய ஒவ்வொன்றின் மேலும் பெயின்ட் கோடு போட்டிருக்கிறேன். ரிம்முக்குள் காயும் சேற்றைத் திரும்பும் முன் கழுவாவிட்டால் 50 கி.மீ. வேகத்திலேயே ஸ்டியரிங் உதறுகிறது, ஒரு சின்ன பிரஷ் கிட்டில் சேர்த்தாயிற்று. பின் டயர் இரண்டிலும் தோள்கட்டைகளுக்கு நடுவே சூடான கத்தியால் ஒரு வெட்டு போட்டு இடைவெளியை அகலப்படுத்தும் எண்ணம் இருக்கிறது. உள்ளே இருக்கும் நூலடுக்கைத் தொடாமல் வெட்ட வேண்டும், அதனால் முதலில் தேய்ந்த ஒரு பழைய டயரில் கை பழகுகிறேன். வெட்டிய பிறகு அதே குழியில் ஐந்து ஓட்டம் ஓடிப் பார்த்து எண்களோடு எழுதுகிறேன்.