சூடானால் உதைக்கும் கியர்

செட்டிநாட்டில் விற்பனைக்கு வரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பல ஓடிய தூரம் குறைவு, நின்ற காலம் அதிகம் என்ற வகையைச் சேர்ந்தவை. உரிமையாளர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார். திருமணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் ஊருக்கு வரும்போது ஓட்டிவிட்டு, மற்ற மாதங்களில் பின்கட்டுக் கொட்டகையில் உறை போர்த்தி நிறுத்திவிடுவார். கானாடுகாத்தானில் நான் வாங்கிய, ஆறு கியர் ஆட்டோமேட்டிக் பொருத்திய இரண்டு இருக்கை ஜெர்மன் காரும் அப்படிப்பட்டதுதான். காலையில் மிருதுவாக ஓடும் அந்தக் கார், வெயிலில் சற்று ஓடியபின், காரைக்குடிப் பெரியார் சிலை அருகே நெரிசலில் வேகம் குறைந்து இரண்டாம் கியரிலிருந்து முதல் கியருக்கு இறங்கும்போது முதுகில் உதைத்ததுபோல் ஓர் அதிர்வைத் தந்தது. காட்டிய முதல் பணிமனையில், காரின் கணினியில் பதிந்த பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரைக்கூடச் செருகாமல், கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

என் கருத்தில் அந்தத் தீர்ப்பு கடைசியாக வர வேண்டியது. கியர் மாறுவதில் வரும் குறையைக் குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் தனித்தனியாகப் பார்க்காமல் எதையும் கழற்றக் கூடாது. குளிர்ந்திருக்கும்போது டிரைவுக்குத் தள்ளியதும் வண்டி இழுக்கத் தாமதித்தால், எண்ணெய் குறைந்திருக்கிறதா, உள்ளே ரப்பர் சீல்கள் இறுகிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். சூடானபின் மட்டும் உதைத்தால், எண்ணெய் இளகி, தேய்ந்த இடங்கள் வழியாக அழுத்தம் கசிகிறது என்ற சந்தேகம் வலுக்கும். கியர் ஏறும் நடுவில் வேகம் கூடாமல் எஞ்சின் சுழற்சி மட்டும் எகிறினால், கிளட்ச் தட்டுகள் வழுக்குகின்றன என்று பொருள். மூன்றில் நான் அஞ்சுவது இதற்குத்தான்.

மதுரையில் தனியாகத் தொழில் செய்யும் ஒரு மெக்கானிக் அண்ணன் தொலைபேசியிலேயே, "தம்பி, முதல்ல பேட்டரியப் பாருங்க" என்றார். மாதக்கணக்கில் நின்ற காருக்கு இது சரியான தொடக்கம். மின்னழுத்தம் தாழ்ந்தால் கியரின் கணினி பொய்யான பிழைகளைப் பதிந்துகொண்டு, ஒரே கியரில் முடங்கிவிடவும் கூடும். முழுச் சார்ஜ் ஏறிய பேட்டரி, எஞ்சின் அணைந்து ஓய்ந்த நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். என்னுடையது அதற்கு வெகு கீழே இருந்ததால் புதியது போட்டேன். உதை போகவில்லை என்றாலும் பதிவாகியிருந்த பிழைகளில் பாதி திரும்ப வரவில்லை. பழைய கார் வாங்குவோர், பிழைகள் அழிக்கப்பட்ட பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் ஸ்கேனரில் பார்ப்பது நல்லது. அந்த எண் மிகச் சிறியதாக இருந்தால், விற்பவர் அண்மையில் எதையோ துடைத்திருக்கக் கூடும்.

அடுத்து, திருமயம் சாலையில் சீரான வேகத்தில் மெல்ல மிதித்தபடி போகையில் ஒரு நடுக்கம் தெரிந்தது. எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்ட்டர்; சீரான வேகத்தில் இரண்டையும் நேரடியாகப் பூட்டுவது அதன் லாக்-அப் கிளட்ச். நடுக்கம் இந்தக் கிளட்சிலிருந்து வரலாம். எஞ்சினில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் பழுதாலும் இதே போல் நடுங்கும். ஆக்ஸிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டால் லாக்-அப் விடுபடும். அந்தக் கணமே நடுக்கம் நின்றால் கன்வெர்ட்டர் பக்கம், தொடர்ந்தால் எஞ்சின் பக்கம் தேட வேண்டும். பின்னால் வண்டி வராத நேரத்தில் மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது. எனக்கு நடுக்கம் நின்றது.

கன்வெர்ட்டரிலும் கியர்பாக்ஸிலும் ஓடுவது ஒரே எண்ணெய் என்பதால், அடுத்துப் பார்க்க வேண்டியது அதுதான். 'ஆயுள் முழுதும் மாற்ற வேண்டியதில்லை' என்று கார் விற்பனையில் சொல்லப்படுவதை நம்பிப் பலர் அதைத் தொடுவதே இல்லை. கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்.எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. இவ்வகைக் கியர்பாக்ஸில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. காரைச் சமமாகத் தூக்கி நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது, நிரப்பும் துளையில் மெல்லிதாக வழியும் வரை ஊற்ற வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நின்ற காரின் எண்ணெய் எஞ்சினை முடுக்கும் முன்பே 40 டிகிரியைத் தொட்டிருக்கும் என்பதால், விடியற்காலையில் செய்யாவிட்டால் பாதி வேலையிலேயே வரம்பு கடந்துவிடும். கடந்தபின் பார்த்தால், விரிந்த எண்ணெய் குறைவை நிறைவாகக் காட்டும்.

வடித்த எண்ணெய் பழுப்பேறியிருந்தது. கருகிய வாடை இல்லை. அடித்தட்டின் காந்தங்களில் சாம்பல் நிறக் களிம்பு மட்டுமே படிந்திருந்தது. விரலில் குத்தும் உலோகச் சீவல் ஒன்றும் இல்லை என்பதைக் கண்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. வயர் செருகி கியர்பாக்ஸுக்குள் நுழையும் இடத்திலுள்ள ரப்பர் வளையம் கசிந்து, ஊற்றப்பட்டதை விடக் குறைவாகவே எண்ணெய் வெளிவந்தது. அந்தச் செருகி உறையையும், வடிகட்டியோடு சேர்ந்தே வரும் அடித்தட்டையும் மாற்றி, உரிய ரக எண்ணெயை ஊற்றியபின், கணினி பழைய தேய்மானத்துக்கேற்பக் கற்றுவைத்திருந்த அழுத்த அளவுகளை அழித்து, மென்மையாக ஓட்டி மீண்டும் கற்க வைத்தோம்.

இப்போது மதிய வெயிலிலும் இரண்டிலிருந்து ஒன்றுக்கு உதையின்றி இறங்குகிறது. ரிவர்ஸில் போடும்போது மட்டும் ஒரு சிறு தட்டல் மிச்சமிருக்கிறது. கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்டின் ரப்பர் வெடித்திருப்பது கண்ணுக்கே தெரிவதால், அதற்கு மாற்று வரச் சொல்லியிருக்கிறேன்.