அந்த இரவு அவள் அதைப் பார்த்தாளா?

கேத்லீன் பீட்டர்சன் வழக்கை மறுபடி படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 2001 டிசம்பர் 9, வட கரோலினாவின் டர்ஹாம். மாடிப்படிக்குக் கீழே ரத்த வெள்ளத்தில் கிடந்தாள், பின்மண்டையில் ஆழமான கிழிசல்கள். தவறி விழுந்தாள் என்றார் கணவர், நாவலாசிரியர் மைக்கேல் பீட்டர்சன்.

அரசுத் தரப்பு சொன்ன கதை இது: முந்தின இரவு 11 மணி வாக்கில் அலுவலகத் தோழியிடம் போனில் பேசிய கேத்லீன், கோப்பு ஒன்றைக் கணவரின் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்கிறாள், அதைத் திறக்கப் போய், அவர் ஓர் ஆணுடன் ரகசியமாக எழுதிக்கொண்ட கடிதங்களைப் பார்த்துவிடுகிறாள், சண்டை, அப்புறம் கொலை. கேட்க அப்படியே பொருந்துகிறது. ஆனால் அவள் பார்த்தாள் என்பதற்கு நேரடிச் சான்று எதுவும் இல்லை. அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்றார் மைக்கேல்.

2003இல் ஆயுள் தண்டனை. தடயவியல் நிபுணர் ஒருவரின் சாட்சியம் தவறானது என்று தெரிந்து 2011இல் மறுவிசாரணைக்கு உத்தரவு, 2017இல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே தண்டனையை ஏற்கும் ஆல்ஃபோர்ட் ஒப்பந்தம், அதோடு முடிந்தது.

அவர் நிரபராதி என்று நான் சொல்லவில்லை. ரகசியம் இருந்தது, சரி. அது வெளியானதால்தான் கொன்றார் என்று எதை வைத்துச் சொல்வது? அந்த இரவு நடந்தது அவளோடு போய்விட்டது.