மொன்றியலின் நிலத்துக்கடியில் அம்மாவோடு

மார்ச் முதல் வாரத்தில் இங்கே, கனடாவின் மொன்றியல் நகரத்தில், பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கிழமை விடுமுறை. ‘ரெலாஷ்’ என்பார்கள். பனி இன்னும் உருகத் தொடங்காத நேரம். பார்க் எக்ஸ்ரென்ஷன் என்ற பகுதியில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. தெருவுக்கு இறங்குவது மொன்றியல் வீடுகளுக்கே உரிய வெளிப்படியால்தான், இரும்புப்படி, வளைந்து வளைந்து இறங்கும். டிசம்பரில் அம்மா அதில் சறுக்கிக் கைபிடியைப் பிடித்துத் தொங்கிவிட்டார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கோயிலுக்கும் டொக்ரரிடமும் தவிர அவர் வீட்டைவிட்டு இறங்கவே இல்லை. யன்னலோரம் கதிரையைப் போட்டு, எதிர்வீட்டுக் கூரையில் பனி சேர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாழ்ப்பாணத்தில் 32 வருடம் தமிழ் படிப்பித்தவர். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கதைத்துக் களைத்துப் பழகிய மனுசி, இங்கே கதைக்க ஆளில்லாமல் இருப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வலிக்கும்.

மகள் நாலாம் வகுப்பு. இந்தக் கியூபெக் மாகாணத்தின் 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டப்படி எங்களைப்போல வந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கவேண்டும். வந்த முதல் வருடம் நானும் அரசாங்கம் நடத்தும் பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன். கடையில், பஸ்ஸில் சமாளிக்கிற அளவுக்கு வந்தது. அவளோ நித்திரையில் புலம்புவதே பிரெஞ்சில்தான். அந்த வருடம் வகுப்பில் இந்த நகரம் தொடங்கிய கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். “நாங்கள் எல்லாரும் அந்த மியூசியத்துக்குப் போகவேணும், அம்மம்மாவும் வரவேணும்” என்று பிடிவாதம். அம்மா முதலில் மறுத்தார். பேத்தி படிமுழுவதும் உப்பைக் கொட்டி, பனியைச் சுரண்டி, கீழே நின்று “வாங்கோ அம்மம்மா, சறுக்காது” என்று கூப்பிட்ட பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

பார்க் நிலையத்தில் மெற்றோ ரயிலின் நீலக் கோட்டில் ஏறி, ஜோன் தலோனில் செம்மஞ்சள் கோட்டுக்கு மாறி, பிளாஸ் தார்ம் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து ஆற்றுப் பக்கமாக நடக்கவேண்டும். என் கணவர் மகனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால். செயின்ற் லோறன்ஸ் ஆற்றிலிருந்து வருகிற காற்று அப்படியே முகத்தைக் கிழித்தது.

புவான்ற் ஆ கலியேர் என்பது அந்த அருங்காட்சியகத்தின் பெயர். பழைய மொன்றியலில், நகரம் பிறந்த அதே நிலத்துண்டின் மேல் கட்டியிருக்கிறார்கள். 1642ஆம் ஆண்டு மே 17ஆம் திகதி மேசோன்னவ் என்ற படைவீரரும் ஜான் மான்ஸ் என்ற பெண்ணும் ஐம்பது பேரளவில் ஆட்களோடு படகுகளில் வந்து இறங்கிய இடம் இது. சரியாக 350 வருடம் கழித்து, 1992இல், அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். வேறு ஊர்களில் பழைய பொருட்களைக் கொண்டுவந்து கண்ணாடிக்குள் வைப்பார்கள். இங்கே நாங்கள்தான் நிலத்துக்கடியில் இறங்கிப் பொருள் கிடக்கிற இடத்துக்கே போகவேண்டும். அத்திவாரங்கள், சுவர்த்துண்டுகள், கல் பதித்த நிலம் எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. எனக்கு இந்த இடம் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

மகனுக்கு வயது ஐந்து. கடற்கொள்ளையர் கப்பல் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதும் இவரை இழுத்துக்கொண்டு போய்விட்டான். அவர்கள் இரண்டு பேரையும் பிறகு சாப்பிடும் நேரத்தில்தான் கண்டோம்.

கீழே இறங்கியதும் மகள் வழிகாட்டியாகிவிட்டாள். பிரெஞ்சில் வாசித்து, அதைத் தனக்குத் தெரிந்த தமிழில் அம்மம்மாவுக்குச் சொல்லுவாள். சொல் வராத இடத்தில் கையால் காட்டுவாள். மேசோன்னவ் வருவதற்கு முன்பே, 1611இல், சாம்ப்ளேன் என்பவர் இந்த இடத்துக்கு வந்து நிலத்தைத் துப்புரவாக்கி விதை போட்டுப் பார்த்தாராம். மண்ணால் ஒரு சுவரும் கட்டினாராம், பனிக்காலத்தைத் தாங்குகிறதா என்று பார்க்க. அம்மா நின்றுவிட்டார். “விதை முளைச்சதாமோ?” என்று கேட்டார். முளைத்தது என்று மகள் சொன்னாள். அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த கறிவேப்பிலை விதையை அவர் வந்த வருடமே சாடியில் போட்டு, ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து, ஜனவரியில் அது பட்டுப்போனதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது இரண்டாவது சாடி யன்னலில் நிற்கிறது, நாலு இலையோடு.

அந்த முதல் ஆட்களின் சவக்காலையும் இங்கேதான் இருந்தது. 1643 முதல் 1654 வரை இறந்தவர்களைப் புதைத்த இடம். பிரெஞ்சுக்காரரையும் பூர்வகுடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் புதைத்திருக்கிறார்கள். குழிகளின் தடம் இப்போதும் இருக்கிறது. அம்மா அந்த இடத்தில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு மகளின் தோளைப் பிடித்து மெதுவாக மற்றப் பக்கத்தால் கூட்டிக்கொண்டு போனார்.

அதைத் தாண்டினால் வாய்க்கால்.

பூமிக்கடியில் கல்லால் வளைத்துக் கட்டிய ஒரு சுரங்கம். 1832இல் தொடங்கி 1838இல் முடித்தார்கள், கனடாவின் முதல் பெரிய கழிவுநீர்க் கால்வாய். அதற்கு முன் அந்த வழியால் ஓடியது சின்னச் செயின்ற் பியேர் என்ற ஆறு. மேசோன்னவ் ஆட்கள் தண்ணீர் அள்ளியதும், கோட்டை கட்டியதும் அந்த ஆற்றங்கரையில்தான். பிறகு நகரம் பெருத்தது, ஆற்றில் குப்பையும் கழிவும் சேர்ந்து நாறத் தொடங்கியது. அதன் மேல் கல்லை வளைத்து மூடி, மேலே தெரு போட்டுவிட்டார்கள். இப்போது தண்ணீர் இல்லை. 110 மீற்றர் தூரத்துக்கு அதற்குள் நடக்கலாம். சுவரெல்லாம் மெல்லிய வெளிச்சங்கள் நிறம் மாறி மாறி ஓடும், தண்ணீர்ச் சத்தம் கேட்கும்.

அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையைக் கல்லில் வைத்தார். வெட்டிய கற்கள், ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கி, வளைவு தலைக்கு மேலே போய் மற்றப் பக்கம் இறங்குகிறது. கல் குளிர்ந்து, லேசாக ஈரம் கசிந்தது. அவர் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு, பொருத்து எங்கே இருக்கிறதென்று விரலால் தடவிக்கொண்டே நடந்தார். “எங்கட வெள்ளவாய்க்கால் மாதிரி. ஆனா மூடினது” என்றார். யாழ்ப்பாண நகரத்தில் மாரிமழை வெள்ளம் ஓடுகிற வாய்க்காலைத்தான் சொன்னார். “ஒரு ஆத்தை இப்பிடி மூடிப்போட்டு மேல வீடு கட்டியிருக்கினம், பிள்ளை.” அதன் பிறகு சுரங்கம் முடியும்வரை ஒன்றும் பேசவில்லை.

வாய்க்கால் முடிகிற இடத்தில் முதல் கோட்டையின் மிச்சங்கள் இருக்கின்றன. 1642 டிசம்பரில் வெள்ளம் ஏறிக் கோட்டைவரை வந்துவிட்டது. தண்ணீர் வற்றினால் மலைக்கு ஒரு சிலுவையைச் சுமந்துகொண்டு போவேன் என்று மேசோன்னவ் நேர்த்தி வைத்தார். வற்றியது. 1643 ஜனவரி 6ஆம் திகதி தோளில் சிலுவையைச் சுமந்து மலையேறினார். இப்போது மவுண்ட் ரோயல் மலையில் இரவில் ஒளிர்கிற இரும்புச் சிலுவை 1924இல் அதன் நினைவாக நிறுத்தியது. எங்கள் தெருமுனையில் நின்றால் தெரியும். வந்த நாளிலிருந்து அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான், யாருடைய நேர்த்தி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நேர்த்தி என்ற சொல்லை மகளுக்கு அவர் படிப்பிக்க, அதற்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்று மகள் அவருக்குப் படிப்பித்தாள். இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிரெஞ்சுக்காரரும் பூர்வகுடிகளும் செய்துகொண்ட 1701ஆம் ஆண்டுச் சமாதான ஒப்பந்தத்தையும் மகள் விடவில்லை. அருங்காட்சியகத்தின் பெயரிலுள்ள கலியேர், அப்போதைய ஆளுநர். அவருடைய மாளிகை இந்த முனையில்தான் இருந்தது. நாற்பதளவு பூர்வகுடி இனங்களின் தலைவர்கள் மொன்றியலில் கூடி, ஆமை, கரடி, பறவை என்று தங்கள் குலச்சின்னங்களை வரைந்து கையெழுத்திட்டார்கள். பள்ளிக்கூடக் கொப்பியில் அவள் அந்தப் படங்களை வரைந்து வைத்திருந்தாள். ஒப்பமிட வந்த பெரிய தலைவர்களில் ஒருவரான கொண்டியாரொங், ஒப்பமிடுவதற்கு இரண்டு நாள் முன்பு காய்ச்சலில் இறந்துபோனார் என்று சொல்லும்போது அவள் குரல் கம்மியது.

சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று வெளியே வந்தோம். பக்கத்தில் பிளாஸ் தியூவில் சதுக்கம், வெள்ளையாகக் கிடந்தது. “இங்கதான் பார்லிமென்ற் இருந்தது” என்று மகள் காலால் பனியைத் தட்டிக் காட்டினாள். எனக்கே அது புதிது. 1844 முதல் 1849 வரை கனடாவின் பாராளுமன்றம் மொன்றியலில், இந்த இடத்திலிருந்த ஒரு பழைய சந்தைக் கட்டடத்தில் கூடியிருக்கிறது. பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான 1837, 38 கிளர்ச்சிக் காலத்தில் சொத்தை இழந்தவர்களுக்கு நட்டஈடு கொடுக்கும் சட்டத்துக்கு ஆளுநர் எல்ஜின் பிரபு ஒப்பம் வைத்தார். கிளர்ச்சி செய்தவர்களுக்கும் பணம் போகப்போகிறது என்று ஆங்கிலேயத் தரப்பில் ஒரு கூட்டம் கொதித்தெழுந்தது. ஆளுநரின் வண்டிக்கு முட்டை எறிந்தார்கள். அன்றிரவே, 1849 ஏப்ரல் 25, பாராளுமன்றத்துக்குள் புகுந்து தீ வைத்தார்கள். அந்த வருடத்துக்குப் பிறகு பாராளுமன்றம் மொன்றியலில் கூடவே இல்லை.

“அம்மம்மா, உள்ளுக்க ஒரு நூலகம் இருந்தது. எல்லாம் எரிஞ்சுபோச்சு” என்றாள்.

அம்மா நடந்துகொண்டிருந்தவர் நின்றார். “எவ்வளவு புத்தகம்?”

20,000க்கும் மேலே. தப்பியது ஏறத்தாழ 200. இந்தச் சதுக்கம் நெடுங்காலம் கார் நிறுத்துமிடமாக இருந்ததாம். அருங்காட்சியகத்தின் தொல்லியல் ஆட்கள் அதைத் தோண்டியபோது, கரியாகிப்போன புத்தகங்களின் மிச்சம் மண்ணுக்குள் அகப்பட்டிருக்கிறது.

1981 மே 31 இரவு யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அம்மாவுக்கு 27 வயது. கொக்குவிலில் முற்றத்தில் நின்று வானம் சிவந்து கிடந்ததைப் பார்த்தவர். 97,000 புத்தகங்கள், ஏட்டுச்சுவடிகள். அந்த நேரம் அவர் நூலகத்திலிருந்து எடுத்த இரண்டு புத்தகங்கள் வீட்டு மேசையில் இருந்தன. திருப்பிக் கொடுக்க இடமில்லாமல் போய்விட்டது. முத்திரை குத்திய அந்த இரண்டையும் 14 வருடம் அலுமாரியில் துணியில் சுற்றி வைத்திருந்தார். 1995 ஒக்ரோபரில் போரினால் வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவில் அவற்றை எடுக்க மறந்துபோனோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை.

பனிக்காற்றில் அம்மா அந்த வெள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகலாமா என்று இவர் கேட்டதும் காதில் விழவில்லை. பிறகு பேத்தியைப் பார்த்துக் கேட்டார்: “ஆரும் இரவல் கொண்டுபோன புத்தகம் வீட்டில இருந்திருக்கும்தானே? அதுகளைக் கொண்டுவந்து குடுத்தவையாமோ?”

மகள் கொஞ்சம் யோசித்தாள். கையுறையைக் கழற்றி, பையிலிருந்து கொப்பியை எடுத்து, அந்தக் கேள்வியைப் பிரெஞ்சில் எழுதிக்கொண்டாள், விடுமுறை முடிந்ததும் ரீச்சரிடம் கேட்பதற்கு. பேனை குளிரில் எழுதவில்லை. இவர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடாக்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேரே தோயப் போனார். சவக்காலைக்குப் போய்வந்தால் தோயாமல் ஒன்றையும் தொடமாட்டார். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, தேத்தண்ணியும் குடிக்காமல், ஊரிலிருக்கும் சின்னம்மாவுக்குப் போன் எடுக்கச் சொன்னார். அங்கே விடியப்புறம். நித்திரையில் எழும்பின சின்னம்மா பயந்துபோய் “என்ன, என்ன?” என்கிறா. “ஒண்டுமில்லையடி. நான் இண்டைக்கு ஒரு வாய்க்காலுக்குள்ளால நடந்தனான்” என்று தொடங்கினார் அம்மா. நான் குசினிக்குள் சோறு வைத்து, பருப்பை இறக்கி, மீனைப் பொரித்து முடிக்கும்வரை அவர் கதைத்து முடியவில்லை.