தடைக்கால நாட்குறிப்பு: மண்டபம்

ஏப்ரல் 16, 2025

நேற்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் நீட்டினார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு வருமானம் நிற்கும் இந்த இரண்டு மாதம்தான் என்னைப் போன்ற போட் மெக்கானிக்குகளுக்குச் சீசன். வடக்குக் கரையில் படகுகளைக் கரையேற்ற ஆரம்பித்துவிட்டார்கள்.

காலையிலிருந்து போன் ஓயவில்லை. "நம்ம போட்டை முதல்ல பாத்துரு" என்று எல்லாரும் சொன்னார்கள். கூலியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பேச்சு எப்போதும் வேலை முடிந்து, இன்ஜின் ஓடிய பிறகுதான் வரும். அப்போது பேசினால் கை கழுவிக்கொண்டிருப்பவன் பேச்சு எடுபடாது. அதனால் இந்த வருடம் வேலை தொடங்கும் முன்பே சாமான் தனி, கூலி தனி என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பழைய ஆள், புது ஆள் எல்லாருக்கும் ஒரே கூலி.

ஏப்ரல் 24

தங்கச்சிமடத்துப் படகு. போன மாதமே இன்ஜின் சூடாகிறது என்றார்கள். உப்புத்தண்ணி பம்பைக் கழற்றினால் தண்ணீரைத் தள்ளுகிற ரப்பர் சக்கரத்தில், அதாவது இம்பெல்லரில், இரண்டு இறக்கை இல்லை. படகுக்காரர் பக்கத்திலேயே நின்றார். "புது ரப்பர் போட்டா சரியாயிரும்ல தம்பி?"

போட்டால் ஓடும். ஆனால் பிய்ந்த இரண்டு துண்டும் தண்ணீர் போகிற வழியில்தானே போயிருக்கும்? இன்ஜின் சூட்டை ஆற்றுகிற ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மூடியைக் கழற்றி, குழாய்க் கண் ஒவ்வொன்றிலும் டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் வரிசையில் ஒரு துண்டு செருகிக் கிடந்தது. இன்னொன்று கிடைக்கவே இல்லை. கடைசியில் வளைவுக் குழாயைக் கழற்றித் தட்டியபோது உப்புப் பொருக்கோடு சேர்ந்து விழுந்தது. மத்தியானம் தொடங்கிய வேலை, விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது.

அந்தத் துண்டுகளோடு கரையில் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கடலில் மடி வலையை இழுக்கும்போது, லோடு ஏறிய பிறகுதான் சூடு ஏறும். அப்புறம் ஹெட் கேஸ்கட் போகும், இன்ஜின் நிற்கும், படகு நீவாட்டோடு, நீரோட்டம் இழுக்கிற பக்கம் போகும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். 1974-இல் வகுத்த எல்லைக்கோடு அதற்குள் ஓடுகிறது. இன்ஜின் நின்று கோட்டுக்கு அந்தப் பக்கம் போன படகு என்ன ஆகும் என்று இந்தக் கரையில் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

ரப்பர் விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தாளில் முன்பே எழுதிய கூலியைக் கொடுக்கும்போதுதான், "ஒரு ரப்பர் மாத்த இவ்வளவா?" என்றார். இரண்டு துண்டையும் அவர் உள்ளங்கையில் வைத்து, எது எங்கே கிடந்தது என்று காட்டினேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழுப் பணமும் கொடுத்தார்.

இனி எந்தப் படகானாலும் கழற்றியதைப் படகுக்காரர் கண்முன் வைத்துவிட்டுத்தான் கூலி வாங்குவேன். பார்க்காத வேலைக்கு யார் மனசும் காசு கொடுக்க வராது. அதில் அவர்கள் தப்பும் இல்லை.

மே 1

கடை திறந்துதான் இருந்தது. என்னிடம் வேலை செய்கிற பையனுக்கு மட்டும் லீவு, சம்பளத்தோடு. இந்தியாவில் முதல் மே தினத்தை 1923-இல் சென்னையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். இந்தக் கரையில் அவர் பெயரை இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

பையன் ஐடிஐ-யில் டீசல் மெக்கானிக் முடித்தவன். நல்ல கை. அவன் கூடப் படித்தவர்கள் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். என் கூலியில் படகுக்காரர் குறைக்கிற ஒவ்வொரு நூறும் கடைசியில் அவன் சம்பளத்தில்தான் போய் இடிக்கும்.

மே 13

கீழக்கரைப் படகுக்காரர் வந்தார். காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அப்பா காலத்திலிருந்து எங்களிடம்தான் வருகிறார். வேறு ஆள் அவர் இன்ஜினைத் தொட்டதில்லை. தாளை வாங்கிப் பார்த்தார், மடித்தார்.

"வெளியாளுக்குச் சொல்ற ரேட்டையே எனக்கும் சொல்றியேப்பா. அப்ப இத்தனை வருசப் பழக்கத்துக்கு என்ன மதிப்பு?"

நியாயமான கேள்வி. நானும் பல நாள் யோசித்த கேள்விதான். நான் தொழில் பழகிய பட்டறையில் பார்த்திருக்கிறேன்: பழைய வாடிக்கையாளருக்குப் பழைய ரேட், புதிதாக வருகிறவருக்கு இன்றைய ரேட். வேலை குவியும்போது முதலாளி கை எந்தப் படகின் பக்கம் போகும்? நல்ல கூலி தருகிறவர் பக்கம்தான். பழைய ஆள் "நம்ம ஆள்தானே, பொறுத்துக்குவாரு" என்று கடைசிக்குத் தள்ளப்படுவார். விசுவாசமாக இருந்ததற்கு அவருக்குக் கிடைத்தது காத்திருப்பு.

"காக்கா, கூலி எல்லாருக்கும் ஒண்ணுதான். ஆனா உங்க போட்டுக்கு இருபதாம் தேதி இடம் போட்டு வச்சிருக்கேன். முன்னாடி யார் வந்தாலும் அது மாறாது. கடலுக்குப் போற சீசன்ல ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் உங்க போனை எடுப்பேன். இது காசுக்கு விக்கிறதில்ல."

விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் தொழிலுக்குப் போக முடியும். மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. ஒரு நாள் படகு நின்றால் என்ன நஷ்டம் என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்தார். டீ கூடக் குடிக்கவில்லை. மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மே 15

காக்கா மகன் போன் செய்தான். இருபதாம் தேதி காலையில் வருகிறார்கள்.

மே 27

பாம்பன் படகு ஒன்று வேறு ஆளிடம் போய்விட்டது. நான் சொன்னதில் பாதிக் கூலிக்கு அந்த ஆள் ஒத்துக்கொண்டாராம். சரி, படகுக்காரர் விருப்பம். ஆனால் போன சீசன் பாக்கியை "அடுத்த பாட்டுல, மீன் வந்ததும் தர்றேன்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது சரியில்லை. டீசலுக்கும் ஐசுக்கும் பாடு வரும்வரை யாரும் காத்திருப்பதில்லையே. நாளைக்கு நேரில் போய்க் கேட்கிறேன்.

ஜூன் 9

காக்கா படகைத் தண்ணீரில் இறக்கி இரண்டு நாள் ஆகிறது. கியர்பாக்ஸையும் சாஃப்ட்டையும் இணைக்கிற கப்ளிங்கைப் பார்க்கப் போனேன். கரையில் வைத்துச் சரிபார்த்தது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. மரப்படகு கட்டையில் நிற்கும்போது ஒரு மாதிரி, மிதக்கும்போது வேறு மாதிரி உட்காரும். பலகை தண்ணீர் குடித்து அமர்ந்த பிறகுதான் சாஃப்ட்டும் கியர்பாக்ஸும் உண்மையில் நேராக இருக்கின்றனவா என்று தெரியும். கப்ளிங் முகத்தைச் சுற்றி நாலு பக்கமும் இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். விட்டம் ஒரு இன்ச்சுக்கு இடைவெளியில் ஆயிரத்தில் ஒரு இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் கூடாது. இங்கே அடிப்பக்கம் கேஜ் தாராளமாக நுழைந்தது. முன் மவுண்டிங் போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, மறுபடி கேஜ் விட்டு, மறுபடி இறக்கி... இடுப்பு ஒடிந்துவிட்டது. இதை விட்டால் சாஃப்ட் வழியே தண்ணீர் வராமல் தடுக்கிற கிளாண்ட் பேக்கிங் சீக்கிரம் தேயும், படகின் அடியில் தண்ணீர் ஏறும்.

இந்த இரண்டாவது வருகைக்கும் தாளில் கூலி எழுதியிருந்தேன். காக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேஜைத் தானே வாங்கி விட்டுப் பார்த்தார். "வாப்பா காலத்துல இதெல்லாம் யாரு பாத்தா" என்றார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பையனுக்குத் தனியாக ஐந்நூறு கொடுத்தார்.

ஜூன் 14

இன்று நள்ளிரவோடு தடை முடிகிறது. துறை முழுக்க ஐஸ் வண்டியும் டீசல் கேனும். பாம்பன்காரர் பாக்கியில் பாதியைக் கொடுத்தார். மீதிக்கு ஆடி மாதம் என்று தேதி சொல்லியிருக்கிறார், எழுதி வாங்கிக்கொண்டேன்.

காக்கா படகில் கியர்பாக்ஸ் சீலில் லேசான கசிவு இருக்கிறது. இப்போதைக்கு ஆபத்தில்லை. நாலைந்து தடவை கடலுக்குப் போய் வந்ததும் கொண்டுவரச் சொல்லிவிட்டேன், கூலி எவ்வளவு என்பதையும் சேர்த்து.